சென்னையில் உள்ளான் வேட்டை

உள்ளான் வேட்டை என்பது குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் உள்ளான் பறவைகளை வயல்களிலும் ஏரி ஓரங்களிலும் ரவைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தும் பொழுதுபோக்கு ஆகும். 18-ஆம் நூற்றாண்டு முதல் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது சென்னையிலும் செங்கற்பட்டு மாவட்டத்திலும் ஆங்கிலேய அதிகாரிகளிடமும், பின்னர் வசதி படைத்த இந்தியரிடமும் வழக்கில் இருந்தது. இதே பறவைகளை வயிற்றுப்பாட்டுக்காகப் பிடித்தும் சுட்டும் விற்றவர்கள் நரிக்குறவர்கள். இந்தியாவில் இன்று இவ்வேட்டை சட்டப்படி குற்றம். ஆயினும் துப்பாக்கியின் அமைப்பு, தோட்டாவின் தேர்வு, சென்னையைச் சுற்றியிருந்த நீர்நிலைகள், பறவைப் பாதுகாப்பின் தொடக்கம் ஆகியவற்றை அறிய இதன் வரலாறு உதவுகிறது.

பறவையும் இடமும்

உள்ளான் கைக்குள் அடங்கும் சிறு பறவை. உடலுக்குப் பொருந்தாத நீண்ட நேர் அலகு உடையது. அந்த அலகைச் சேற்றில் செருகிப் புழுக்களைத் தேடி உண்ணும். காய்ந்த புல்லின் நிறத்தில் இருப்பதால் பத்தடி தொலைவில் உட்கார்ந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மனிதர் காலடியில் மிதிபடும் நிலை வரும்போது திடீரென்று கிறீச்சிட்டுக்கொண்டு எழும்பி, வலமும் இடமுமாக வளைந்து வளைந்து பறக்கும். வேட்டைக்காரரை இழுத்தது இந்த வளைந்த பறத்தல்தான்.

தமிழ்நாட்டுக்கு வரும் உள்ளான்களில் கோரை உள்ளான், ஊசிவால் உள்ளான் என்னும் இரண்டும் வேட்டைக்காரருக்கு முக்கியமானவை. பறக்கும்போது இரண்டையும் பிரித்தறிவது கடினம். கையில் எடுத்து வால் இறகுகளை எண்ணிப் பார்த்தால் தெரியும். கோரை உள்ளானுக்கு வழக்கமாக 14 வால் இறகுகள் உண்டு. ஊசிவால் உள்ளானுக்கு 26 வரை இருக்கும், அவற்றில் ஓரத்து இறகுகள் ஊசிபோல் மெலிந்திருக்கும். ஆகஸ்டு இறுதியில் வரத் தொடங்கும் இவை ஏப்ரல் வாக்கில் திரும்பிவிடும். நெல் நட்ட வயலில் கணுக்கால் அளவு நீர் நிற்கும் காலமும் அதுவே.

ஆங்கிலத்தில் இப்பறவையின் பெயர் ஸ்னைப். மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் படைவீரரைக் குறிக்கும் ஸ்னைப்பர் என்ற சொல் இதிலிருந்தே பிறந்தது. 18-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் படை அதிகாரிகள் உள்ளான் வேட்டைக்குப் போவதைக் குறிக்கப் பயன்படுத்திய சொல், பின்னர் போர்க்களத்துக்கு இடம் மாறியதாகச் சொல் வரலாறு எழுதுவோர் கூறுவர்.

இன்றைய தியாகராய நகரில் நின்றுகொண்டு உள்ளானைப் பற்றிப் பேசினால் மாணவர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன் அது ஏரி. நுங்கம்பாக்கம், மயிலாப்பூர் ஆகிய ஊர்களின் மேற்கு எல்லையில் நெடுக நீண்டு கிடந்த நீர்ப்பரப்பை ஆங்கிலேயர் 'லாங் டேங்க்' என்றனர். மவுண்ட் ரோட்டின் தேனாம்பேட்டைப் பகுதி இதன் கரையை ஒட்டிச் சென்றது. 1923-இல் ஏரியை வடித்து மனையாக்கும் வேலை தொடங்கியது. அவ்வாறு உருவான நகருக்கு நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயரும், அதன் நடுவிலுள்ள பூங்காவுக்கு அப்போதைய முதலமைச்சர் பனகல் அரசரின் பெயரும் வைக்கப்பட்டன. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடும் நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்ட் ரோடும் ஏரி போன பின்னும் ஏரியின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கின்றன. தெற்கே அடையாற்றின் முகத்துவாரமும் பள்ளிக்கரணைச் சதுப்பும், அவற்றுக்கிடையே வேளச்சேரி, தரமணி வயல்களும் கிடந்தன. சேறும் ஆழமில்லாத நீரும் சேர்ந்த இத்தகைய நிலமே உள்ளானுக்கும், சிறகி, கிளுவை, தாரா முதலிய வாத்தினங்களுக்கும் உரிய நிலம்.

துப்பாக்கியும் ரவையும்

சிங்கத்தையோ மானையோ சுடும் ரைஃபிள் ஒற்றைக் குண்டை எறியும். பறக்கும் பறவையை ஒற்றைக் குண்டால் அடிப்பது ஏறக்குறைய இயலாத காரியம். எனவே பறவை வேட்டைக்கு ஒரே வெடியில் நூற்றுக்கணக்கான சிறு ஈயக் குண்டுகளை வீசும் துப்பாக்கி பயன்பட்டது. அந்தச் சிறு குண்டுகளுக்குத் தமிழில் ரவை என்று பெயர். உப்புமாவுக்குப் பயன்படும் ரவைக்கும் இதற்கும் பெயர் ஒன்றே. பொடியாகவும் உருண்டையாகவும் இருப்பது எதுவோ அது ரவை. இன்று செய்தித்தாள்கள் முழுத் தோட்டாவையே ரவை என்று எழுதுவது பிற்கால வழக்கு.

குழலின் அளவைப் 'போர்' என்ற கணக்கால் குறிப்பர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுவே 12 போர் குழலின் உள்விட்டம். மில்லிமீட்டரில் ஏறத்தாழ 18.5. பவுண்டை இருபதாகப் பிரித்தால் வருவது 20 போர். ஆகவே எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். தலைகீழான இந்தக் கணக்கு புதிதாகப் படிப்போரைக் குழப்பும். பவுண்டும் உருண்டையும் நினைவில் இருந்தால் குழப்பம் வராது.

ரவையும் இவ்வாறே எண்ணால் அழைக்கப்படுகிறது. ஆங்கிலேய அளவுமுறைப்படி ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் எடையில், 4-ஆம் எண் ரவை 170 இருக்கும். 6-ஆம் எண் 270, 8-ஆம் எண் 450, 9-ஆம் எண் 580. உள்ளானுக்கு 8 அல்லது 9 எடுப்பர். சிறு உடல், கிட்டத்து வெடி, ஆகவே ரவை சிறிதாகவும் எண்ணிக்கை மிகுதியாகவும் இருப்பது நல்லது. உயரத்தில் விரைந்து பறக்கும் வாத்துக்கு 8 போதாது. சிறிய ரவை காற்றில் விரைவாக வேகம் இழந்துவிடும். வாத்தின் தடித்த இறகை அது துளைப்பதில்லை, அல்லது துளைத்தும் கொல்லாமல் காயப்படுத்தும். காயம்பட்ட வாத்து கோரைக்குள் புகுந்து இரண்டு நாள் கழித்துச் சாகும். எனவே வாத்துக்கு 4 முதல் 6 வரையிலான எண் ஏற்றதாகக் கருதப்பட்டது. பெரிய ரவையை எடுத்தால் எண்ணிக்கை குறைந்து இடைவெளி கூடும், சிறிய ரவையை எடுத்தால் எண்ணிக்கை கூடி வலு குறையும். தோட்டாவைத் தேர்வது என்பது இந்த இரண்டு குறைகளுக்கும் இடையே ஓரிடத்தில் நிற்பதுதான்.

ரவை எவ்வாறு இவ்வளவு சீரான உருண்டையாகிறது என்பது தனிக் கதை. பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த வில்லியம் வாட்ஸ் 1782-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். உருகிய ஈயத்தை உயரத்திலிருந்து சல்லடைத் துளைகள் வழியே ஒழுகவிட்டால், விழும் வழியில் பரப்பு இழுவிசையால் ஒவ்வொரு துளியும் உருண்டையாகும். கீழே தண்ணீரில் விழுந்ததும் இறுகும். ஓட்டிலிருந்து சொட்டும் மழைத்துளி உருண்டையாவதும் இதே விதியால்தான். ஈயத்துடன் சிறிது ஆர்சனிக் சேர்த்தால் உருண்டை சீராக அமையும், ஆன்டிமனி சேர்த்தால் கெட்டியாகும்.

குழல்வாயை இறுக்குதல்

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் சிதறாமல் தொலைவுக்குப் பாயும். துப்பாக்கிக் குழலின் வாயைச் சிறிது குறுக்கினாலும் ரவைக்கூட்டம் விரைவில் சிதறாமல் நெருக்கமாகச் செல்லும். இந்தக் குறுக்கத்துக்குச் 'சோக்' என்று பெயர். முழுச் சோக் என்று சொல்லப்படும் மிகுந்த இறுக்கமும் 12 போர் குழலில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத அந்த ஒரு மில்லிமீட்டர் செய்யும் வேறுபாடு பெரிது.

இதைச் சோதிக்க 40 கஜத் தொலைவில், அதாவது சுமார் 37 மீட்டரில், ஒரு பெரிய தாளையோ இரும்புத் தகட்டையோ நிறுத்திச் சுடுவர். அதில் 30 அங்குல விட்டமுள்ள வட்டத்துக்குள் எத்தனை ரவை விழுந்தது என்று எண்ணுவர். இறுக்கமே இல்லாத குழலில் சுமார் 40 விழுக்காடு விழும். அரைச் சோக்கில் 60, முழுச் சோக்கில் 70. ஓர் அவுன்ஸ் 6-ஆம் எண் ரவையை வைத்துக் கணக்கிட்டால், இறுக்கமில்லாத குழல் 270-இல் 108 ரவையை வட்டத்துக்குள் போடும். முழுச் சோக் 189 போடும்.

அப்படியானால் எப்போதும் முழுச் சோக்கையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். உள்ளான் 15 அல்லது 20 கஜத்தில் எழும்பும் பறவை. அந்தத் தொலைவில் முழுச் சோக்கின் ரவைக்கூட்டம் ஒரு தட்டின் அகலத்துக்கு மேல் விரிந்திருக்காது. வளைந்து பறக்கும் பறவைமேல் அதைச் சரியாகப் போடுவது கடினம். தவறிப்போகாமல் பட்டாலோ, பறவை சல்லடையாகிச் சமையலுக்கு உதவாது. ஆகவே உள்ளானுக்கு இறுக்கமில்லாத குழலே ஏற்றது.

இரட்டைக்குழல் துப்பாக்கி இந்தச் சிக்கலுக்கு நல்ல விடையாக அமைந்தது. வழக்கமாக அதன் வலக்குழல் தளர்வாகவும் இடக்குழல் இறுக்கமாகவும் செய்யப்படும். பறவை எழும்பும்போது அருகில் இருக்கும், எனவே முதல் விசை வலக்குழலுக்கு. தவறினால் இரண்டாம் வெடிக்குள் பறவை தொலைவு போயிருக்கும், அதற்கு இடக்குழல். இரண்டு விசைகள் முன்னும் பின்னுமாக இருப்பதன் பயன் இதுவே.

சோக்கைக் கண்டுபிடித்தவர் யார் என்பதில் பழைய வழக்கு உண்டு. இங்கிலாந்தின் நியூகாசில் நகரத் துப்பாக்கித் தொழிலாளர் பேப் 1866-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநில வாத்து வேட்டைக்காரர் பிரெட் கிம்பிள் தாமே கண்டுபிடித்ததாகக் கூறினார். பர்மிங்காம் நகரின் கிரீனர் 1870-களில் இதைச் சீராகச் செய்து பொதுப்போட்டிகளில் வென்று பரப்பினார். சென்னைக்கு வந்த துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தில் செய்யப்பட்டவை. மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்கும் வெள்ளிப் பாத்திரத்துக்கும் பெயர்பெற்ற பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம் துப்பாக்கியும் விற்றது. அந்தக் கடையின் பெயர் பொறித்த பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இன்றும் பழம்பொருள் ஏலங்களில் வருகின்றன.

சென்னையின் காற்று துப்பாக்கிக்குப் பகை. கருமருந்து எரிந்தபின் குழலில் தங்கும் கசடு ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துருவேற்றும். வேட்டை முடிந்த அன்றே கொதிநீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் தடவியாக வேண்டும். காகித உறைத் தோட்டா ஐப்பசி மழையில் ஊறிப் பருத்துக் குழலுக்குள் நுழையாமல் அடம்பிடிக்கும். இதற்காகவே வெப்பநாடுகளுக்கு மெல்லிய பித்தளை உறைத் தோட்டாக்கள் அனுப்பப்பட்டன. 1960-களில் பிளாஸ்டிக் உறை வந்த பிறகுதான் இத்தொல்லை ஒழிந்தது. விடுதலைக்குப்பின் இந்தியாவில் பரவலாகக் கிடைத்த 12 போர் தோட்டா, கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையின் சக்திமான்.

வான்கோழி: எதிர்முனை

சோக்கின் மறு எல்லையைக் காட்ட வான்கோழி வேட்டையைச் சொல்வது வழக்கம். வான்கோழி அமெரிக்காவின் பறவை. ஸ்பானியர் வழியே ஐரோப்பா சென்று, போர்ச்சுக்கீசியரின் கோவா வழியே இந்தியா வந்தது. 1612-இல் கோவாவிலிருந்து தமக்குக் கொண்டுவரப்பட்ட வான்கோழியைப் பார்த்து வியந்த பேரரசர் ஜஹாங்கீர், தம் ஓவியர் மன்சூரைக்கொண்டு அதை வரையச் செய்தார். அந்த ஓவியம் இன்றும் உள்ளது. இந்தியாவில் அது பண்ணைப் பறவையாகவே இருந்தது, இங்கு அதற்கு வேட்டை இல்லை. அமெரிக்கக் காட்டில் வேட்டைக்காரர் மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து, பெட்டைக் குரல் எழுப்பிச் சேவலை அருகே வரவழைப்பார். தரையில் நிற்கும் அப்பறவையின் உடல் தடித்த இறகும் தசையும் மூடியது. எனவே குறி உடலில் அல்ல, தலையிலும் கழுத்திலும். கைப்பிடி அளவுள்ள அந்தக் குறியில் பத்துப் பன்னிரண்டு ரவையாவது விழவேண்டும் என்பதால் முழுச் சோக்கையும் விடக் குறுகிய சோக்கைத் திருகிப் பொருத்துகிறார்கள். அண்மைக் காலத்தில் ஈயத்தைவிட எடை மிகுந்த டங்ஸ்டன் கலவையில் 9-ஆம் எண் போன்ற பொடி ரவையும் பயன்படுகிறது. எடை மிகுந்த பொருள் என்பதால் சிறிதாக இருந்தும் வலு குறைவதில்லை. உள்ளானுக்கு விரிப்பும் வான்கோழிக்கு இறுக்கமும் என்று இரு முனைகளையும் வைத்துப் பார்த்தால் மற்றப் பறவைகளுக்கான தேர்வு தானே விளங்கும்.

குருவிக்காரர்

மேலே சொன்ன எண்களும் சோக்கும் எதுவும் தெரியாமலே சென்னைச் சந்தைக்குப் பறவை கொண்டுவந்தவர்கள் நரிக்குறவர்கள். குருவிக்காரர் என்பது அவர்களின் இன்னொரு பெயர். வடமேற்கு இந்தியாவிலிருந்து தெற்கே வந்த இவர்கள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி என்னும் மொழி. கண்ணி, வலை, பழக்கிய பறவையைக் கட்டி மற்றப் பறவைகளை ஈர்ப்பது ஆகியவை இவர்களின் பழைய முறைகள். ஈர்ப்புக்காகக் கட்டப்படும் விலங்குக்குத் தமிழில் 'பார்வை' என்று பெயர். பெரும்பாணாற்றுப்படையே எயினர் குடியிருப்பில் விளாமரத்தடியில் கட்டிய பார்வை மானைக் குறிப்பிடுகிறது. ஆக இம்முறை தமிழ் நிலத்துக்குப் புதிதல்ல.

அவர்கள் கையில் இருந்தது வாய்வழியாகக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. குழலில் கருமருந்தைப் போட்டு, தக்கை வைத்துக் கம்பியால் தட்டி, அதன்மேல் ரவையோ பால்ரஸோ போட்டு, மீண்டும் தக்கை வைத்து, கடைசியில் கேப்பு மாட்ட வேண்டும். ஒரு வெடிக்கு ஆகும் நேரத்தில் பறவைக்கூட்டம் அடுத்த ஊருக்குப் போய்விடும். எனவே ஒரு வெடியில் ஒன்றுக்கு மேல் விழ வேண்டும். தவழ்ந்து அருகே போய், உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் நடுவே சுடுவதுதான் வழி.

அமர்ந்திருக்கும் பறவையைச் சுடுவது இழிவு என்பது துரைமார்களின் வேட்டை ஒழுக்கம். பறக்கவிட்டுத்தான் சுட வேண்டும். இது நேர்மையான விதியாகத் தோன்றினாலும், மருந்துக்கும் ஈயத்துக்கும் கணக்குப் பார்க்கத் தேவையில்லாதவருக்கே அது கட்டுப்படியாகும். காடையும் கௌதாரியும் விற்றுத்தான் அன்று உலை வைக்க வேண்டும் என்ற நிலையில் உள்ளவருக்கு அந்த ஒழுக்கத்தைப் போதிப்பது பொருந்தாது. 1938 நவம்பரில் பரத்பூரில் வைஸ்ராய் லின்லித்கோவின் வேட்டைக்குழு ஒரே நாளில் 4,273 பறவைகளை வீழ்த்தியது அங்குள்ள கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. அத்தனையும் பறக்கும்போது சுடப்பட்டவையாகவே இருக்கலாம்.

வேடந்தாங்கல் ஊராரின் முறையீடு

துப்பாக்கியை எதிர்த்த முதல் குரல் இந்த மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுந்தது. சென்னையிலிருந்து தென்மேற்கே சுமார் 80 கிலோமீட்டரில், மதுராந்தகத்துக்கு அருகே உள்ள வேடந்தாங்கல் ஏரி 30 எக்டேர் பரப்புடையது. ஏரிக்குள் நீரில் நின்று வளரும் கடப்பமரங்களில் நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம், வக்கா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் முதலியவை ஆயிரக்கணக்கில் கூடு கட்டும். ஊரின் பெயருக்கு வேடர் தங்குமிடம் என்று பொருள் சொல்வதுண்டு. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலக்கிழார்களின் வேட்டைக்களமாக இது இருந்தது என்பதும் அதற்கு இசையும். ஆனால் செங்கற்பட்டுச் சீமையில் சிறு ஏரிக்கே தாங்கல் என்று பெயர். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்ற பெயர்களைப் பார்த்தால் இது விளங்கும். ஆகவே வேடர் ஏரி என்று கொள்வதும் பொருந்தும்.

பறவை எச்சம் விழுந்த ஏரிநீர் வயலுக்குப் பாய்ந்தால் அதுவே உரம். இதை ஊரார் வேதியியல் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, விளைச்சலில் கண்டார்கள். எச்சத்தில் நைட்ரஜன் சேர்மங்களும் பாஸ்பேட்டும் உள்ளன. எனவே பறவைக்கு வந்த ஆபத்து அவர்களுக்கு நெல்லுக்கு வந்த ஆபத்து. ஆங்கிலேயப் படைவீரர்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது அவர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டனர். 1798-இல் அவர் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுத்தில் கொடுத்தார். இத்தகைய உறுதிச்சீட்டுக்கு அக்காலத்தில் கவுல் என்று பெயர். மதுராந்தகம் ஏரிக்கரை மழையில் உடையாமல் ராமலட்சுமணர் நின்று காத்ததைக் கண்டதாக ஏரிகாத்த ராமர் கோயில் கதை சொல்லும் கலெக்டரும் இதே பிளேஸ்தான். ஏரியில் நீர் இருந்தால் நெல், நெல் இருந்தால் வரி என்பது அவருக்கு நன்கு தெரியும். பறவையின்மீது இரக்கம் கொண்டு அவர் கையெழுத்திட்டாரா, வரியை எண்ணி இட்டாரா என்று கேட்பதில் பயனில்லை. ஊராரும் நெல்லை எண்ணித்தான் கேட்டார்கள்.

முதல் சீட்டு காலப்போக்கில் தொலைந்தது. 1858-இல் ஊரார் மீண்டும் அன்றைய செங்கற்பட்டுக் கலெக்டரிடம் சென்று புதுப்பித்துப் பெற்றனர். இடையே அறுபது ஆண்டுகள், மூன்று தலைமுறை. கையில் துப்பாக்கியோ சட்டமோ இல்லாதவர்கள் ஒரு காகிதத்தின் நினைவை அத்தனை காலம் வைத்திருந்து, மறுபடியும் கேட்கத் துணிந்தார்கள். 1936-இல் ஏரி பறவைப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய மக்கள் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. வெடியோசைக்குக் கூட்டை விட்டுப் பறவை எழும்பினால் குஞ்சு சாகும் என்பதை அவர்களும் அறிவர்.

சட்டங்கள்

வேட்டையைக் கட்டுப்படுத்திய தொடக்ககாலச் சட்டங்களுள் ஒன்று சென்னை மாகாணத்தில்தான் பிறந்தது. 1879-ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் அது. ஆனால் அதன் நோக்கம் வேட்டையை நிறுத்துவதல்ல, வேட்டைக்காரருக்கு அடுத்த ஆண்டும் விலங்கு மிஞ்சச் செய்வது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த 1878 ஆயுதச் சட்டத்தின்கீழ் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெற வேண்டியிருந்தது, ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது.

1912-ஆம் ஆண்டின் காட்டுப்பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் வாத்து, கௌதாரி, காடை, புறா, கொக்கு முதலியவற்றுக்கு வேட்டை மூடும் காலம் குறிக்க மாகாண அரசுகளுக்கு அதிகாரம் தந்தது. அந்தப் பட்டியலில் இங்கேயே முட்டையிடும் மயில் உள்ளான் இருக்கிறது. வலசை வரும் உள்ளான் இல்லை. மூடும் காலம் என்பது இனப்பெருக்கக் காலத்தைக் கருதியது. வலசை உள்ளான் சைபீரியாவில் முட்டையிடுவது. கோடையில் அதை இங்கே காப்பதற்கு ஒன்றுமில்லை, குளிர்காலத்தில் காப்பதைப் பற்றி எவரும் நினைக்கவில்லை.

1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் சிறு வேட்டைக்கு உரிமம் பெற வழி இருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிமங்களை நீக்கியது. மயிலாப்பூர் எட்வர்டு எலியட்ஸ் சாலையில் வாழ்ந்த இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் இந்த மாற்றம் முழுவதையும் கண்டவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர், துப்பாக்கி எடுக்காமல் தாமே இணைத்துச் செய்த காமிராவுடன் காட்டுக்குப் போனார். 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் பத்தி எழுதினார்.

இந்தச் சட்டத்தால் பொழுதுபோக்குக்காரர் இழந்தது பொழுதுபோக்கு மட்டும். நரிக்குறவர் இழந்தது தொழில். மணி கோப்பதும் ஊசி, பாசி விற்பதும் அதற்கு முன்பே அவர்களிடம் இருந்தாலும், வேட்டை போனபின் அதுவே முழு வாழ்வானது. பழங்குடியினர் பட்டியலில் அவர்களைச் சேர்க்க வேண்டும் என்ற நீண்டநாள் கோரிக்கையை 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

மிஞ்சிய ஈயம்

ஒரு வெடியில் பறவைமீது படும் ரவை சில, மற்ற நூற்றுக்கணக்கானவை சேற்றில் விழும். வாத்தினங்கள் தீனியை அரைக்கச் சிறு கல்லை விழுங்கி இரைப்பையில் வைத்திருக்கும். கல்லென்று நினைத்து ஈய ரவையை விழுங்கினால் அது இரைப்பையில் தேய்ந்து இரத்தத்தில் கலந்து பறவையைக் கொல்லும். சுடப்படாத பறவையும் துப்பாக்கியால் சாவது இவ்வாறுதான். அமெரிக்கா 1991 முதல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையைத் தடை செய்தது. இந்தியா வேட்டை உரிமங்களை முடித்ததும் அதே 1991. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் 2023 பிப்ரவரியில் இத்தடை நடைமுறைக்கு வந்தது.

ஈயத்துக்கு மாற்றாக வந்த எஃகு ரவை சோக்கின் கணக்கையும் மாற்றியது. எஃகு கெட்டி, குழல்வாயில் நசுங்காது. நசுங்காத ரவை நேராகச் செல்வதால் தளர்ந்த சோக்கிலேயே நெருக்கமாக விழும். முழுச் சோக்கில் சுட்டால் பழைய குழலின் வாய் பிதுங்கவும் கூடும். எஃகு ஈயத்தைவிட இலேசு என்பதால் வலுவை ஈடுகட்ட இரண்டு எண் பெரிய ரவை எடுக்க வேண்டும். நூறாண்டுகள் வேட்டைக்காரர் மனப்பாடம் செய்து வைத்திருந்த எண்கள் இதனால் மாறின.

களிமண் தட்டு

இந்தியாவில் இன்று 12 போர் துப்பாக்கிக்கும் சோக்குக்கும் பொழுதுபோக்காக எஞ்சியிருப்பது ட்ராப், ஸ்கீட் ஆகிய விளையாட்டுகள். 1900 பாரிஸ் போட்டிகளில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள். பின்னர் புறாவின் இடத்தை 110 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டு பிடித்தது. களிமண் புறா என்ற பெயர் இன்றும் அதற்கு உண்டு. பன்னாட்டு விதிப்படி தோட்டாவில் 24 கிராம் ரவைக்கு மேல் இருக்கக்கூடாது. ட்ராப்பில் தட்டு சுடுபவரை விட்டு விலகிப் பறப்பதால் இறுக்கமான சோக்கும், ஸ்கீட்டில் தட்டு அருகே குறுக்காகப் பறப்பதால் விரிந்த சோக்கும் பயன்படுகின்றன. ஸ்கீட்டுக்குப் பொருத்தும் குழல் ஏறக்குறைய பழைய உள்ளான் துப்பாக்கியின் குழலேதான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் இரட்டை ட்ராப்பில் வெள்ளி வென்றார். புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் பிரிவில் இந்தியாவுக்காகக் கலந்துகொண்டார்.

உள்ளான்கள் இன்றும் ஆவணி, புரட்டாசியில் வருகின்றன. 2022-இல் ராம்சார் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பின் 1,247 எக்டேரில் கோரை ஓரமாக நின்று பார்ப்பவருக்கு, பறவை எழும்பும் அந்த ஒரு நொடி இப்போதும் கிடைக்கும்.